கடல்கட்டியும் கலங்கும் வயிறும்

(இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு மாணவன்)

அச்சம் மனித உடலில் எங்கே குடியிருக்கிறது? நெஞ்சில் என்பார் சிலர். தலையில் என்பார் சிலர். நம் தாய்மார்களைக் கேட்டால் வயிற்றில் என்பார்கள். வயிற்றில் புளியைக் கரைத்தது, அடிவயிறு கலங்கியது, ஈரக்குலை நடுங்கியது, வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்கிறேன் என்றெல்லாம் அவர்கள் நாள்தோறும் பேசுகிறார்கள். எந்த மருத்துவ நூலையும் படித்து அவர்கள் இதைக் கற்றுக்கொள்ளவில்லை. பட்டதைச் சொன்னார்கள், அது மொழியாயிற்று.

தொல்காப்பியரும் இதை அறிந்திருந்தார். பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயலையே அவர் வகுத்தார். உள்ளத்தில் தோன்றும் உணர்ச்சி மெய்யில், அதாவது உடலில், புலப்படுவதே மெய்ப்பாடு. அத்தகைய மெய்ப்பாடுகள் எட்டனுள் அச்சமும் ஒன்று. அச்சம் பிறக்கும் இடங்கள் நான்கு என்றும் அவர் கணக்கிட்டார்: தெய்வம், விலங்கு, கள்வர், தமக்கு மேலான தலைவர். இன்று இருந்திருந்தால் ஐந்தாவதாகப் பருவத் தேர்வையும் சேர்த்திருப்பார் என்று எங்கள் வகுப்பில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

வேடிக்கை ஒருபுறம் இருக்கட்டும். தேர்வு நாள் காலையில் நம் கல்லூரிக் கழிப்பறை வாசலில் நிற்கும் வரிசையை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். அந்த வரிசையில் பெரும்பாலோருக்கு வயிற்றுக் கலக்கம் வினாத்தாளைக் கண்டதும் அடங்கிவிடும். சிலருக்கு அடங்குவதில்லை. தேர்வு முடிந்த பின்னும், விடுமுறையிலும், பேருந்திலும், திருமண வீட்டுப் பந்தியிலும் அது அவர்களைத் தொடர்கிறது. திடீரென்று நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது, உயிர் போய்விடும் என்றே தோன்றுகிறது. வெளியில் சொன்னால் சிரிப்பார்கள் என்று அவர்கள் சொல்வதில்லை. அந்தச் சிலரைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

அச்சத்தால் வயிறு கலங்குவது கோழைத்தனமன்று. வெறும் வாய்வுத் தொல்லையும் அன்று. அது உடலில் மெய்யாகவே நடக்கும் ஒரு நிகழ்ச்சி. அதை ஒருவன் தனியே சுமக்க வேண்டியதில்லை. நம் முத்துக்கரையில் ஒரு காலத்தில் அச்சத்தைத் தொழிலின் ஒரு பகுதியாகவே கருதி, அதைக் கவனிப்பதற்கென்றே ஆள் வைத்திருந்தார்கள். அந்த நல்லறிவு இன்று நம் கல்விக்கூடங்களுக்குத் தேவை என்பதே என் கருத்து.

கடல்கட்டி என்றொரு பதவி

நம் கடலில் முத்துக் குளித்த முறை பலரும் அறிந்ததே. குளிப்பவர் கயிற்றில் கட்டிய கல்லின் மேல் கால் வைத்து அடித்தளத்துக்கு இறங்குவார். மூச்சுக் கருவி ஏதும் கிடையாது. ஏறக்குறைய ஒரு நிமிடம். அதற்குள் கைக்குக் கிடைத்த சிப்பிகளை வாரிப் பையில் போட்டுக்கொண்டு கயிற்றை அசைப்பார். தோணியில் நிற்பவர் உடனே மேலே இழுத்துவிட வேண்டும். கயிறு பிடிப்பவன் மைத்துனனாக இருக்க வேண்டும் என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். உடன்பிறந்தவளின் தாலியை எண்ணியாவது அவன் கவனம் தவறமாட்டான் அல்லவா? தூத்துக்குடியில் கடைசியாக முத்துச் சலாபம் நடந்தது 1961-இல். சங்கு குளிப்போர் மட்டும் இன்றும் இருக்கிறார்கள்.

குளிப்பவருக்குப் பெரிய அச்சம் சுறாமீன். அந்த அச்சத்தைப் போக்கக் கடல்கட்டி என்பவர் இருந்தார். மந்திரத்தால் கடலைக் கட்டி, சுறாவின் வாயைக் கட்டுபவர் என்பது பொருள். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ இவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். கிடைக்கும் முத்தில் இருபதில் ஒரு பங்கு இவர்களுக்குக் கூலி. பகலில் கட்டிய மந்திரத்தை இரவில் அவிழ்த்துவிடுவார்களாம். கள்ளத்தனமாக இரவில் யாரும் மூழ்கிவிடக் கூடாது என்பதற்காக!

ஐந்து நூற்றாண்டுகளுக்கு மேல் கழிந்தும் அந்தப் பதவி மறையவில்லை. இலங்கையில் ஆங்கில அரசின் செயலாளராக இருந்த எமர்சன் டென்னென்ட் 1859-இல் வெளியிட்ட நூலில், மன்னார்க் கடலின் அக்கரையில் நடந்த சலாபத்தைப் பற்றி எழுதுகிறார். அப்போது கடல்கட்டிக் குடும்பத்தின் தலைவர் ஒரு கத்தோலிக்கர். குளிப்பவர்களுக்கு மதம் ஒரு பொருட்டாக இல்லை. டென்னென்ட் போன நாளில் அவருக்கு உடல்நலமில்லை. தமக்குப் பதிலாக ஓர் ஆளை அனுப்பியிருந்தார். வந்தவருக்கு மந்திரமே தெரியாதாம்! ஆயினும், தாம் அவருடைய ஆளாக அங்கு நின்றாலே சுறாக்கள் அதை மதிக்கும் என்று அவர் உறுதி கூறினாராம். படிக்கும்போது சிரிப்பு வருகிறது. ஆனால் குளிப்பவர்கள் அவரை நம்பிக் கடலில் இறங்கினார்கள் என்பதைச் சேர்த்து எண்ணும்போது சிரிப்பு நின்றுவிடுகிறது. அவர்களுக்கு வேண்டியது மந்திரமன்று. தங்கள் அச்சத்தைப் பொருட்படுத்தி ஒருவர் கரையில் நிற்கிறார் என்ற எண்ணமே.

மற்றொரு நிகழ்ச்சி நம் தூத்துக்குடியிலேயே நடந்தது. 1890 சலாபத்தின்போது ஒருவரைச் சுறா கடித்துவிட்டது. எல்லோரையும் பீதி பற்றிக்கொண்டது. குளிப்பவர்கள் மந்திரம் அறிந்த ஒரு பெண்மணியை அமர்த்திய பிறகே பீதி அடங்கியது. ஆனால் சுறா மீண்டும் மீண்டும் கடித்தது. காற்றும் நீரும் தெளிவும் விலையும் எல்லாம் சாதகமாக இருந்தும் அந்த ஆண்டுச் சலாபத்தையே கைவிட நேர்ந்தது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

இவ்விரு செய்திகளிலிருந்தும் நாம் இரண்டு பாடங்கள் கற்கலாம். முதலாவது, அச்சப்பட்டவனை நோக்கி யாரும் "ஆண்பிள்ளைதானே, பயப்படாதே" என்று உபதேசம் செய்யவில்லை; அச்சத்துக்கு ஏற்பாடு செய்தார்கள். இரண்டாவது, ஆறுதல் மட்டும் போதாது. சுறா உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். வயிற்றுக் கலக்கத்துக்கும் இவ்விரண்டும் அப்படியே பொருந்தும்.

உடலுக்குள் நடப்பது என்ன?

அமெரிக்காவின் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய வால்ட்டர் கேனன், எக்ஸ்ரே கருவி புதிதாக வந்த காலத்தில், பூனைகளின் இரைப்பை அசைவதை அதன் வழியே கண்டார். பூனை அமைதியாக இருக்கும்போது இரைப்பை ஒழுங்காக அசைந்தது. அது கலவரமடைந்ததும் அசைவு நின்றுவிட்டது. பல்லாண்டு ஆய்வுக்குப் பின் 1915-இல் அவர் நூல் ஒன்றை வெளியிட்டார். ஆபத்தின்போது உடல் சண்டையிடவோ ஓடித் தப்பவோ ஆயத்தமாகிறது. இதயம் வேகமாக அடிக்கிறது. இரத்தம் தசைகளுக்குப் பாய்கிறது. செரிமானம் பின்னுக்குத் தள்ளப்படுகிறது. வீட்டில் தீப்பிடித்தால் அடுப்பில் இருக்கும் சோற்றைப் பற்றி யார் கவலைப்படுவார்?

குடலின் சுவரிலும் நரம்புகளின் வலையொன்று இருக்கிறது. அதில் உள்ள நரம்பணுக்கள் பத்துக் கோடிக்கும் மேல். மூளைக்கும் குடலுக்கும் இடையே ஓயாத செய்திப் போக்குவரத்து நடக்கிறது. குடலிலிருந்து மூளைக்குப் போகும் செய்திகளே அதில் மிகுதி. எனவே மனம் கலங்கினால் வயிறு கலங்கும். வயிறு கலங்கினால் மனமும் கலங்கும். ஒன்றையொன்று துரத்தும் இந்தச் சுழலில் அகப்பட்டவனுக்கு எது முதல், எது முடிவு என்று தெரிவதில்லை. உலக மருத்துவ அறிஞர்கள் இத்தகைய வயிற்றுத் தொல்லைகளை 2016 முதல் மூளைக்கும் குடலுக்கும் இடையிலான உறவின் கோளாறுகள் என்றே வகைப்படுத்துகிறார்கள்.

இனி, பீதித் தாக்கம் என்பது யாது? ஆபத்து எதுவும் இல்லாதபோதே உடல் அபாயச் சங்கை ஊதிவிடுவது. மருத்துவர்கள் அதற்குப் பதின்மூன்று அறிகுறிகளைப் பட்டியலிடுகிறார்கள். படபடப்பு, வியர்வை, நடுக்கம், மூச்சுத் திணறல், மார்பு வலி, தலைச்சுற்றல், விரல் மரத்துப்போதல், செத்துவிடுவோமோ என்ற திகில் ஆகியவற்றுடன் குமட்டலும் வயிற்றுக் கலக்கமும் அதில் இடம்பெறுகின்றன. சில நிமிடங்களில் உச்சத்தை அடைந்து, பின் தானாகவே தணிந்துவிடும். விரல் மரத்துப் போவதற்கும் காரணம் உண்டு: அச்சத்தில் வேக வேகமாக மூச்சு விடும்போது இரத்தத்தில் கரியமிலவாயு குறைந்துவிடுகிறது. தலை சுற்றுவதும் விரல் மரப்பதும் அதனால்தான், மாரடைப்பினால் அன்று.

1986-இல் இங்கிலாந்து உளவியலறிஞர் டேவிட் கிளார்க் இதை மேலும் தெளிவுபடுத்தினார். உடலில் தோன்றும் சிறு மாற்றத்தை "இது பேராபத்து" என்று மனம் தவறாகப் பொருள்கொள்கிறது. அதனால் அச்சம் பெருகுகிறது. அதனால் உடல் மாற்றமும் பெருகுகிறது. நிழலைச் சுறா என்று எண்ணிய குளிப்பவனின் நிலைதான் இது. நிழல் சுறா அன்று. ஆனால் அவன் நெஞ்சின் துடிப்பு பொய்யன்று.

நான் பட்டது

ஏட்டறிவை மட்டும் வைத்துக்கொண்டு நான் இதை எழுதவில்லை. என் ஊர் திருச்செந்தூர்ச் சாலையில் உள்ள ஒரு கடற்கரைச் சிற்றூர். தந்தையார் துறைமுகத்தில் சுமை தூக்கும் தொழிலாளி. இரண்டாம் ஆண்டில் ஒரு நாள் காலை, நெரிசல் மிகுந்த பேருந்து பழையகாயலைத் தாண்டி உப்பளங்களுக்கு இடையே சென்றபோது, காரணமின்றி என் நெஞ்சு அடித்துக்கொண்டது. விரல்கள் மரத்தன. வயிற்றைப் பிசைந்தது. இறங்கி உப்பளத்து வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். அங்கு வேலை செய்த அம்மா ஒருவர் தண்ணீர் கொடுத்துப் பக்கத்திலேயே இருந்தார். கால் மணி நேரத்தில் எல்லாம் சரியாயிற்று.

சரியாகாதது அதற்குப் பிறகுதான். மறுநாள் பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போதே வயிறு கலங்கியது. கலங்கக் கூடாதென்று காலை உணவை நிறுத்தினேன். வெறும் வயிறு மேலும் எரிந்தது. இதயப் படம் எடுத்தார்கள், குறையில்லை. வயிற்றை ஸ்கேன் செய்தார்கள், குறையில்லை. கேஸ் என்றார் ஒருவர், மாத்திரை தந்தார். குடலேற்றம் என்று தடவிவிட்டார் ஒருவர். பயந்த கோளாறு என்று மந்திரித்துக் கையில் கயிறு கட்டினார் ஒருவர். ஓமத் திரவமும் இஞ்சிச் சாறும் குடித்து நாக்கு மரத்ததுதான் மிச்சம். வருகைப் பதிவு குறைந்தது. எந்தெந்த நிறுத்தத்தில் கழிப்பறை உண்டு என்ற கணக்கு மட்டும் மனப்பாடமாயிற்று.

இறுதியில் ஓர் இளம் மருத்துவர் என் வயிற்றை அழுத்திப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கேள்வி கேட்டார். "ஞாயிற்றுக்கிழமை வலிக்குமா?" என்றார். யோசித்துப் பார்த்தேன், வலிப்பதில்லை. மனநலப் பிரிவுக்குச் சீட்டு எழுதித் தந்தார். வீட்டில் அம்மா பதறினார்கள். "எய்யா, அந்தப் பக்கம் போனா நாலு பேரு என்ன சொல்லுவாங்க?" என்றார்கள். சங்கு குளித்து வயது முதிர்ந்த என் தாத்தாதான் திண்ணையிலிருந்து குரல் கொடுத்தார்: "முங்குதவனுக்கு வயிறு கலங்காதுன்னு எவன்ல சொன்னான்? கலங்கும். அதுக்குத்தான மேல ஒரு ஆளு நிக்கான்."

சென்றேன். சில மாதங்கள் பயிற்சியும், அவர்கள் தேவை எனக் கருதிய காலம் வரை மருந்தும். இன்றும் சில காலைகளில் வயிறு கலங்குகிறது. கலக்கத்தோடேயே பேருந்தில் ஏறிக் கல்லூரிக்கு வருகிறேன். குணம் என்று நான் சொல்வது இதைத்தான்.

வீரம் விளைந்த மண்ணில் அச்சம்

இதை வெளியே சொல்வது நம் மாவட்டத்தில் மற்ற இடங்களைவிடக் கடினம் என்று எனக்குத் தோன்றுகிறது. கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சி இங்கே. பாரதி பிறந்த எட்டயபுரம் இங்கே. ஆங்கிலேயரை எதிர்த்து 1906-இல் கப்பல் கம்பெனி தொடங்கிய வ.உ.சி. பிறந்த ஒட்டப்பிடாரம் இங்கே. எந்த விழா மேடையிலும் "வீரம் விளைந்த மண்" என்று முழங்காமல் பேச்சு முடிவதில்லை. பெருமைப்பட வேண்டியதே. ஆனால் அந்த முழக்கத்தைக் கேட்டுக்கொண்டு கடைசி வரிசையில் வயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கும் மாணவன் என்ன நினைப்பான்? தான் இந்த மண்ணுக்கே உரியவனல்லன் என்றுதானே?

பெரியோர் வாழ்வைப் புரட்டிப் பாருங்கள். இங்கிலாந்தில் சட்டம் பயின்று 1891-இல் திரும்பிய காந்தியடிகள், பம்பாயில் ஒரு சிறு வழக்கில் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தார். தலை சுற்றியது, ஒரு கேள்வியும் வாயில் வரவில்லை. உட்கார்ந்துவிட்டார், வாங்கிய முப்பது ரூபாயையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். இதைத் தம் தன்வரலாற்றில் அவரே எழுதியிருக்கிறார். சார்லஸ் டார்வின் 22 வயதில், 1831-இல், பீகிள் கப்பல் புறப்படக் காத்திருந்த பிளிமத் துறைமுகத்தில் நெஞ்சுப் படபடப்பாலும் வலியாலும் வருந்தினார். மருத்துவரிடம் போனால் பயணத்தைத் தடுத்துவிடுவாரோ என்று போகவேயில்லை. பிற்காலத்தில் பல்லாண்டுகள் வாந்தியும் வயிற்று உப்புசமும் படபடப்பும் அவரை வாட்டின. அது பீதி நோயே என்று கருதும் மருத்துவர்களும் உண்டு. காரணம் வேறு என்போரும் உண்டு. காரணம் எதுவாயினும், அந்த வயிற்றோடுதான் அவர் 1859-இல் உலகையே புரட்டிய நூலை வெளியிட்டார்.

வள்ளுவர் அவையஞ்சாமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார். அவை கண்டு அஞ்சுவது அன்றே பரவலாக இருந்ததால்தானே அதற்குப் பத்துக் குறள் தேவைப்பட்டது?

தனி மனிதர் மட்டுமா? ஊரே அஞ்சிய நாட்களும் நமக்கு உண்டு. 2018 மே மாதத் துப்பாக்கிச் சூட்டில் பதின்மூன்று உயிர்கள் போயின. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி வெள்ளத்தில் ஊர்கள் தீவுகளாயின. இன்றும் இரவில் மழை வலுத்தால் வயிறு கலங்கி எழுந்து உட்காருவோரை என் தெருவிலேயே நான் அறிவேன். அவர்களெல்லாம் கோழைகளா?

சுறாவா, நிழலா?

முதலில் செய்ய வேண்டியது மருத்துவரைப் பார்ப்பது. எல்லா வயிற்று வலியையும் "மனசுதான் காரணம்" என்று தள்ளிவிடுவதும் பெரும் தவறு. இரைப்பைப் புண்ணுக்குக் கவலையும் காரமுமே காரணம் என்று உலகம் நெடுங்காலம் நம்பியது. ஆஸ்திரேலியாவின் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 1982-இல் இரைப்பையில் வாழும் ஒரு கிருமியைப் பிரித்தெடுத்துக் காட்டினர். பெரும்பாலான புண்களுக்கு அதுவே காரணம் எனத் தெளிவாயிற்று. 2005-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆகவே உடல் எடை குறைதல், மலத்தில் இரத்தம், காய்ச்சல், ஓயாத வாந்தி, தூக்கத்தைக் கலைக்கும் வலி இவை இருந்தால் காலம் தாழ்த்தக் கூடாது. படபடப்புக்கும் தைராய்டு, இரத்தசோகை, இதய நோய் போன்ற காரணங்கள் இருக்கலாம். 1890-இல் மந்திரத்தை மட்டும் நம்பியவர்களின் கதையை மறந்துவிடக் கூடாது.

சோதனையில் குறையில்லை என்று தெரிந்த பின் அதையே பத்து இடங்களில் மீண்டும் சோதிப்பதில் பயனில்லை. அப்போது தேவைப்படுவது பயிற்சி. எனக்குக் கற்றுத் தந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தாக்கம் வரும்போது ஆழமாக மூச்சிழுக்க முயலக் கூடாது. மெதுவாக, உள்ளிழுப்பதைவிட நீளமாக வெளிவிட வேண்டும். நிமிடத்துக்கு ஆறேழு மூச்சு போதும். "இது அபாயச் சங்கு, தீ எதுவும் இல்லை, சில நிமிடங்களில் ஓயும்" என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்ள வேண்டும். இயன்றவரை அந்த இடத்தைவிட்டு ஓடக் கூடாது. ஓடினால் அப்போதைக்கு நிம்மதி. ஆனால் "ஓடியதால்தான் பிழைத்தோம்" என்று உடல் கற்றுக்கொள்ளும். முதல் நாள் ஒரு நிறுத்தம், அடுத்த வாரம் மூன்று நிறுத்தம் என்று சிறிது சிறிதாகப் பழக வேண்டும். மாடிப்படியில் வேகமாக ஏறி இறங்கி, படபடக்கும் நெஞ்சோடு சும்மா உட்காரவும் பழக்கினார்கள். படபடப்பு ஆளைக் கொல்லாது என்று உடலுக்குப் புரியவைக்கும் வழி அது.

வயிற்றுக்கும் ஒழுங்கு தேவை. பட்டினி கூடாது, வேளைக்குச் சிறிதளவேனும் உண்ண வேண்டும். தேர்வு நாளில் வெறும் வயிற்றில் இரண்டு குவளை காப்பி குடிப்பது எரியும் அடுப்பில் எண்ணெய் ஊற்றுவதாகும். தூக்கத்தைக் கெடுத்துப் படிப்பதும் அப்படியே. மருந்து தேவையா, எது, எவ்வளவு காலம் என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். நண்பன் தின்ற மாத்திரையை வாங்கித் தின்பது எக்காலத்தும் வேண்டாம்.

கயிறு பிடிக்க ஆள் எங்கே?

இவையெல்லாம் மூழ்குபவன் செய்ய வேண்டியவை. தோணியில் நிற்பவர்கள் செய்ய வேண்டியது என்ன?

பெங்களூர் நிமான்ஸ் நிறுவனம் 2015-16-இல் தமிழ்நாடு உட்படப் பன்னிரண்டு மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, வயது வந்தோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதேனும் ஒரு மனநலச் சிக்கலோடு வாழ்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் சிகிச்சை பெறுவதில்லை. அறுபது பேர் உள்ள ஒரு வகுப்பறையை இக்கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2022 அக்டோபர் 10 முதல் டெலி மானஸ் என்ற தொலைபேசிச் சேவையை மத்திய அரசு நடத்துகிறது. 14416 என்ற எண்ணை எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். ஆந்திர மாநிலத்தில் படித்த ஒரு மாணவியின் மரணம் தொடர்பான வழக்கில், 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் நாடெங்குமுள்ள கல்வி நிறுவனங்களுக்கு நெறிமுறைகள் வகுத்தது. நூறோ அதற்கு மேற்பட்டோ மாணவர் பயிலும் நிறுவனத்தில் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. ஆக, சட்டமும் நம் பக்கம் நிற்கிறது.

நம் கல்லூரிக்கு நான் வைக்கும் வேண்டுகோள்கள் நான்கு. முதலாவது, ஆலோசகர் வரவேண்டும். அவருக்கு முதல்வர் அறைக்கு எதிரே அன்றி, யார் கண்ணிலும் படாமல் போய்வரக்கூடிய ஓர் அறை வேண்டும். இரண்டாவது, தேர்வுக் கூடத்தில் வயிறு கலங்கும் மாணவன் உரிய கண்காணிப்போடு வெளியே சென்றுவர, கேள்வியோ கேலியோ இன்றி அனுமதிக்க வேண்டும். போகலாம் என்ற உறுதி இருந்தாலே பலருக்குப் போக வேண்டிய தேவை எழாது. என் அனுபவத்தில் இது முற்றிலும் உண்மை. மூன்றாவது, கழிப்பறைகளில் தண்ணீரும் தாழ்ப்பாளும் இருக்க வேண்டும். இது சிறு செய்தியாகத் தோன்றலாம். குடல் கலங்கும் மாணவிக்கும் மாணவனுக்கும் படிப்பைத் தொடர்வதா விடுவதா என்பதையே இது தீர்மானிக்கிறது. நான்காவது, 14416 என்ற எண் ஒவ்வொரு துறையின் அறிவிப்புப் பலகையிலும் எழுதப்பட வேண்டும்.

"எங்கள் காலத்தில் இதெல்லாம் இருந்ததா?" என்று பேராசிரியப் பெருமக்களில் சிலர் கேட்கக்கூடும். ஐயா, இருந்திருக்கும். அவர்கள் பாதியில் நின்றுபோனார்கள், "உடம்புக்கு முடியவில்லை" என்று பதிவேட்டில் எழுதப்பட்டது, அவ்வளவுதான். "சலுகை தந்தால் ஏமாற்றுவோரும் வருவார்களே" என்றும் கேட்கலாம். வருவார்கள். பொய்க்காய்ச்சல் சொல்லி விடுப்பு எடுப்போர் உண்டு என்பதற்காக மெய்க்காய்ச்சல்காரனைத் தேர்வெழுத வா என்று நாம் இழுத்து வருவதில்லையே!

சக மாணவ நண்பர்களுக்கும் ஒரு சொல். உங்கள் நண்பன் அடிக்கடி எழுந்து வெளியே போனால் அதற்குப் பட்டப்பெயர் சூட்டாதீர்கள். "என்னடா, மறுபடியுமா?" என்று கேட்காதீர்கள். உப்பளத்து வரப்பில் எனக்குத் தண்ணீர் தந்த அம்மா எந்த அறிவுரையும் சொல்லவில்லை; பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், அவ்வளவே. மந்திரம் தெரியாத அந்தப் பதில் ஆள் கரையில் நின்றதும் அதைப் போன்றதே. நின்றால் போதும். மந்திரம் அறிந்தவரிடம், அதாவது மருத்துவரிடம், அழைத்துப் போனால் அதைவிட நன்று.

அடுத்த ஆண்டு மலர் வெளிவரும் நாளில் நம் அறிவிப்புப் பலகையில் அந்த எண்ணும், ஏதேனும் ஓர் அறையின் கதவில் ஆலோசகரின் பெயரும் இருக்குமானால், இக்கட்டுரையை எழுதிய பயனை அடைந்துவிட்டதாகக் கொள்வேன்.